கல்லும் கொடுத்து, தடையும் சுமக்கும் பல்லாவரம்

ஜமீன் பல்லாவரத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்று ஒரு குடும்பம் நினைத்தால், மேஸ்திரியைப் பார்ப்பதற்கு முன்னால் ஏறி இறங்க வேண்டிய ஆபீஸ்கள் பல. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டடத்தின் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். ராணுவ நிலத்தை ஒட்டிய மனை என்றால் அங்கே ஒரு சான்று. இவை போதாதென்று, ஊரின் சில தெருக்களில் இந்தியத் தொல்லியல் துறையின் பெயரும் வந்து நிற்கும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம் என்கிறது 2010-ல் திருத்தப்பட்ட சட்டம். பிள்ளை கல்யாணத்துக்குள் ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று சீட்டுப் பணம் சேர்த்தவருக்கு அப்போதுதான் கோபம் வரும். "தாஜ்மகால் மாதிரி இங்க என்னதான் சார் இருக்கு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான் சொல்வதில்லை.

சென்னையின் தெற்கு வாசல் இந்தக் குன்றுகள். கத்திப்பாராவிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் இறங்கினால் முதலில் பரங்கிமலை. பிறகு மீனம்பாக்கத்துக்கு எதிரே திரிசூலம். அதைத் தொட்டுக்கொண்டு பல்லாவரம். எதுவும் பெரிய மலை இல்லை. பரங்கிமலையின் உச்சியே சுமார் 300 அடிதான். ஆனால் தட்டையான கடற்கரைப் பட்டினத்துக்கு 300 அடி என்பது பெரிய விஷயம். நகரத்தின் மிகப் பிரபலமான சாலை மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்டதே, அது ஜார்ஜ் கோட்டையிலிருந்து இந்த மலைக்குப் போனதால்தான். அண்ணா சாலை என்று பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர்கள் மவுண்ட் ரோடை விடவில்லை.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரின் எல்லாக் கதையும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும், நீலச் சாயல் ஓடும் கருங்கல்லுக்கு உலகப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1690-களில் அங்கேயே இறந்தார். அவர் சமாதிக்கான கல் வங்காளத்தில் வெட்டியதல்ல, சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. 200 ஆண்டு கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தச் சமாதிக் கல்லின் வகைக்கு சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இன்று அண்டார்க்டிகாவில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதன் பெயர் சார்னோகைட்தான். சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன், பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதே பாறையைத்தான் இதே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றினார்கள். நினைவுச் சின்னம் ஒரு பக்கம், கிரஷர் ஒரு பக்கம். நம் ஊரில் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

பல்லாவரத்தின் பெரிய கதை 1863 மே 30-ம் தேதி நடந்தது. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேயர், பல்லாவரம் கண்டோன்மென்ட்டின் அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் செம்மண் சரளை தோண்டிய ஒரு குழியைப் பார்த்துக்கொண்டு போனார். குழியில் கிடந்த கல் ஒன்று மற்றவற்றைப் போல இல்லை. இரண்டு பக்கமும் சில்லுசில்லாகத் தட்டிக் கூர்மையாக்கியிருந்தது. மனிதன் கை பட்ட கல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நான்கே ஆண்டுக்கு முன்புதான், 1859-ல், பிரான்சின் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகளை மிகப் பழைய மனிதனின் வேலை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திகளைக் கவனித்து வந்தவர் ஃபுட். அதனால்தான் வேறொருவர் தாண்டிப் போயிருக்கக்கூடிய கல்லைக் குனிந்து எடுத்தார்.

இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்ததற்கு அடையாளம் கண்டு சொல்லப்பட்ட முதல் கருவி அது. சில மாதங்களில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பெரிய புதையலைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. ஃபுட் சேகரித்த பொருட்கள் பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று பாடப் புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. ஆக, ஒரு துணைக்கண்டத்தின் மனித வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளிய ஊர், தாம்பரம் லோக்கல் ரயில் நின்று போகும் பல்லாவரம்தான்.

அதோடு நின்றுவிடவில்லை. 1880-களில் அலெக்சாண்டர் ரீ பல்லாவரம் குன்றுப் பக்கத்தில் தோண்டியபோது, குட்டைக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. இறந்தவர்களை அதில் வைத்துப் புதைத்த பெருங்கற்கால மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு பல்லவர்கள் வந்தார்கள். ஐந்து அறைகளோடு குன்றில் குடைந்த குகைக் கோயிலில் மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டு மன்னனின் அந்தக் குடைவரை இப்போது தர்காவாக இருக்கிறது. கல்வெட்டும் இருக்கிறது, வேண்டுதலும் நடக்கிறது; யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. திரிசூலத்தில் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலத்துச் சிவன் கோயில். அதன் தலைக்கு மேலே நிமிடக் கணக்கில் விமானம்.

பரங்கிமலைக்கு வேறு விதமான புகழ். இயேசுவின் சீடரான தோமா இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அந்த நம்பிக்கையைத் தேடி வந்த போர்ச்சுகீசியர்கள் 1523-ல் உச்சியில் தேவாலயம் எழுப்பினார்கள். 1547-ல் அங்கே அஸ்திவாரம் தோண்டும்போது பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் இருந்ததற்கு அது சாட்சி. மயிலாப்பூருக்கு எத்தனை கப்பல், எத்தனை ஊரிலிருந்து வந்திருக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி. சிலுவை இன்றும் பலிபீடத்தில் இருக்கிறது. 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் மலையேறி வந்து தொழுதுவிட்டுப் போனார்.

மலைக்குப் படி கட்டிக் கொடுத்தவர் ஆர்மீனிய வியாபாரி பெட்ரஸ் உஸ்கான், 1726-ல். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் அந்தக் காலத்து மர்மலாங் பாலத்தைச் சொந்தச் செலவில் கட்டியவரும் அவரே. பக்தர்கள் ஆற்றையும் தாண்ட வேண்டும், மலையும் ஏற வேண்டும் என்று இரண்டுக்கும் வழி செய்தார். படிகள் எத்தனை என்று கேட்டால் புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறுகிறது. ஏறி மூச்சு வாங்கியவர்கள் எண்ணிய கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இந்த மலையை உலக வரைபடத்தோடு கட்டிப்போட்டது ஒரு சங்கிலி. திப்பு வீழ்ந்த பிறகு தென்னிந்தியாவைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்று கம்பெனியிடம் யோசனை சொன்ன ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன், 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் வேலையைத் தொடங்கினார். சித்திரை வெயில். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு: சீனப் பேரரசருக்குப் பரிசாக லண்டனிலிருந்து போய், அவருக்குப் பிடிக்காமல் திரும்பி, கல்கத்தாவில் கைமாறி லாம்ப்டனிடம் வந்தது. வெயிலில் எஃகு நீளும், நீண்டால் கணக்கு கெடும். அதனால் மரப்பெட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, முக்காலிகளில் தூக்கி வைத்து, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு 100 அடியையும் அளந்தார்கள். தெற்கே பெரும்பாக்கம் பக்கத்து மேடு வரை ஏழரை மைல் தூரம். அதற்குச் சங்கிலியை நானூறு தடவை கிடத்த வேண்டியிருந்தது. முடிய 57 நாள் ஆனது.

அந்த ஏழரை மைல் கோட்டை ஒரு பக்கமாக வைத்து முக்கோணம், அந்த முக்கோணத்தின் பக்கத்தில் இன்னொரு முக்கோணம் என்று கிளம்பிய மாபெரும் முக்கோண அளவீடு, லாம்ப்டன் 1823-ல் இறந்த பிறகும் நிற்காமல், இமயம் வரை போனது. எவரெஸ்ட்தான் உலகிலேயே உயரம் என்று கணக்கில் கண்டுபிடித்தது அந்த அளவீட்டின் தொடர்ச்சிதான். லாம்ப்டன் பெயரில் ஒரு சிலை மலை மேல் வைத்திருக்கிறார்கள். சங்கிலியைத் தூக்கிய, கூடாரக் கம்பு பிடித்த நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளூர் ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

படைகளுக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, மருதநாயகம் யூசுப் கானின் ஆட்கள் ஆங்கிலேயர் தரப்பில் நின்று பரங்கிமலையில் சண்டை போட்டார்கள். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைகள் இதே பக்கமாக வந்து கம்பெனியைச் சமாதானத்துக்கு இறங்க வைத்தன. கோட்டைக்கு வெளியே படைக்கு நிரந்தர இடம் வேண்டும் என்று ஆங்கிலேயர்களுக்கு உறைத்ததில் வியப்பில்லை. 1774-ல் கண்டோன்மென்ட் பிறந்தது. சென்னை பீரங்கிப் படைக்கு இது தலைமையிடம் ஆனது. ஓய்வுபெற்ற சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வாழ்ந்த வெட்டரன் லைன்ஸ், துப்பாக்கிப் பயிற்சியால் பெயர் பெற்ற பட் ரோடு, முஹர்ரம் கூட்டத்தின் நினைவைச் சுமக்கும் ஆசர்கானா பஸ் ஸ்டாப் எல்லாம் அந்தக் காலத்தின் எச்சம். 1963-ல் வந்த அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இன்றைய அதிகாரிகள் பயிற்சி அகாடமி. ராணுவத்தின் பெண் அதிகாரிகளுக்கு 1992 முதல் இங்கே பயிற்சி தருகிறார்கள்.

இத்தனை பெரிய கதைகளுக்கு நடுவில் ஊர் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வெள்ளிக்கிழமை வர வேண்டும். அன்று பழைய டிரங்க் ரோட்டில் பல்லாவரம் சந்தை. இருநூறு வருஷத்துச் சந்தை என்பார்கள். ஆடு மாடு விற்றுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது விற்காத பொருள் இல்லை. தார்ப்பாயை விரித்து அதன்மேல் பழைய ஸ்பேனர், கழற்றிய மிக்ஸி மோட்டார், ஜோடி பிரிந்த ஸ்பீக்கர், எந்த டிவிக்கு என்று தெரியாத ரிமோட், கைப்பிடி போன குக்கர். அடுத்த விரிப்பில் கருவாடு. அதற்கடுத்து ரோஜாச் செடி, செம்பருத்தி, ஒட்டு மாங்கன்று. கூண்டில் லவ் பேர்ட்ஸ், கூடையில் கோழிக்குஞ்சு. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மர பீரோ மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

பேரம் ஒரு கலை. "அண்ணே, இந்த அயர்ன்பாக்ஸ் வேலை செய்யுமா?" என்று காலேஜ் பையன் கேட்டால், "கரென்ட் குடுத்தா செய்யும் தம்பி" என்று பதில் வரும். ப்ளக் செருக அங்கே கரென்ட் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். பையன் பாதி விலை கேட்பான். கடைக்காரர் அயர்ன்பாக்ஸைத் திரும்பி வாங்கி விரிப்பில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். பையன் நாலடி நடந்ததும், "சரி வா, போணி ஆகல, எடுத்துட்டுப் போ." வெயில் ஏறும்போது கரும்புச்சாறு வண்டியிலும் கூட்டம். புதிதாகக் குடித்தனம் வந்தவர்களுக்கும் பேச்சிலர் ரூம் பையன்களுக்கும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் பாதி வீட்டுச் சாமான் இங்கேதான். மாலுக்குள் நுழையத் தயங்குபவர்கள் கையை வீசிக்கொண்டு நடக்கும் கடைவீதி, சென்னையில் இன்னும் எத்தனை மிச்சம்?

மீதி நாளில் இந்த ஊர் ரயிலால் இயங்குகிறது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் குடியிருப்பு முளைத்தது. நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாத குமாஸ்தாவும் ஆசிரியரும் தோல் தொழிற்சாலைத் தொழிலாளியும் இங்கே மனை வாங்கினார்கள். திரிசூலம் ஸ்டேஷனில் ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு உலகம் இறங்கும்: துபாய்க்குப் போக டேப் சுற்றிய அட்டைப்பெட்டியோடு ஒருவர், மலையடிவார வீட்டுக்குக் குடிநீர் கேனோடு ஒருவர். இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது.

இந்த ஊர்க்காரர்கள் நல்லதற்குக் கைகொடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அடிவாரத்தை ஒட்டிய ஆலந்தூரில், 2000-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அன்றைக்கு அது நடுத்தரக் குடும்பத்துக்குச் சாதாரணத் தொகை இல்லை. குடியிருப்போர் சங்கங்கள் தெருத்தெருவாகப் பேசின, மக்கள் கட்டினார்கள். நகராட்சித் திட்டங்களுக்கு முன்மாதிரி என்று பிற மாநிலங்களிலிருந்து வந்து படித்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று விளக்கிச் சொன்னால் கைப்பணத்தையே எடுத்து வைக்கும் மக்களிடம், தொல்லியல் தடைக்கு மட்டும் ஏன் விளக்கம் சொல்லப்படவில்லை?

இங்கேதான் அரசுத் துறைகள் மீது வருத்தம் வருகிறது. மலை எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறது. சென்னையின் கட்டடங்களுக்கு ஜல்லி கொடுத்தது. திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிகள் அதற்கு அடையாளமாக ஆழ்ந்த பள்ளங்களாகக் கிடக்கின்றன. மழைத் தண்ணீர் நின்று பச்சையாக மின்னும். ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. ராணுவத்துக்கு மைதானம் கொடுத்தது. விமானத்துக்கு ஓடுபாதை கொடுத்தது. பல்லாவரம் பெரிய ஏரி துரைப்பாக்கம் ரேடியல் சாலைக்கு நடுவயிற்றைக் கொடுத்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கல்லை வெட்டும்போதும் ஏரியை வெட்டும்போதும் மரபு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. ஓட்டு வீட்டுக்காரர் மாடி கேட்கும்போது மட்டும் அது சட்டப்பிரிவோடு வருகிறது. பெரிய கைக்கு ஒரு அளவு, சின்னக் கைக்கு ஒரு அளவு என்று மக்கள் நினைத்தால் அதில் என்ன தப்பு?

தொல்லியல் இடங்களைக் காப்பாற்றக் கூடாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி அல்ல. சரளை மண் ஒருமுறை தோண்டிப் போட்டால் அதிலிருந்த லட்சம் ஆண்டுக் கதை போனது போனதுதான். 100 மீட்டர் விதியைத் தளர்த்துங்கள் என்று எழுந்தமானத்தில் கேட்பவர்கள் பெரும்பாலும் ரியல் எஸ்டேட் லாபத்துக்காகக் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தாஜ்மகாலுக்கும், குன்றோரத்தில் மண்ணுக்கடியில் கிடக்கும் ஈமக்காட்டுக்கும் ஒரே 100 மீட்டர் என்பது அளவுகோலின் சோம்பேறித்தனம். அதே 2010 திருத்தம், ஒவ்வொரு நினைவுச் சின்னத்துக்கும் அதற்கேற்ற மரபுத் துணைவிதிகளை வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழ அஸ்திவாரம், எங்கே தோண்டினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதலாம். பல்லாவரத்துக்கு அப்படி ஒன்றை, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, தமிழில் அச்சிட்டு, வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினாலே பாதிக் கசப்பு தீரும்.

கண்டோன்மென்ட்டுக்குள் இருப்பவர்களின் நிலைமை இன்னும் விசித்திரம். 1967-ல் எம்.ஜி.ஆரை முதன்முதலாகச் சட்டமன்ற உறுப்பினராக்கியது பரங்கிமலைத் தொகுதி. கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரை, ஓட்டுக் கேட்க வராமலேயே, ஜெயிக்க வைத்த மக்கள் இவர்கள். அவர்களில் கண்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பவர்களுக்குத் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் வார்டு கவுன்சிலர் இல்லாத நிலை. 2015-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கண்டோன்மென்ட் வாரியங்களின் காலம், நீட்டிப்புகளையும் சேர்த்து, 2021-ல் முடிந்தது. நாடு முழுவதும் 57 கண்டோன்மென்ட்களுக்கு 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள், நடக்கவில்லை. குடிமக்கள் வாழும் பகுதிகளைப் பக்கத்து உள்ளாட்சிகளோடு சேர்ப்பது என்பது மத்திய அரசின் கொள்கை முடிவு. ஒரு பக்கம் சென்னை மாநகராட்சி, மறுபக்கம் 2021-ல் பல்லாவரத்தையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி. சேர்ப்பதாக இருந்தால் சேர்க்கட்டும், இல்லையென்றால் தேர்தல் நடத்தட்டும். இரண்டும் இல்லாமல் அதிகாரிகளை வைத்தே ஓட்டுவது, வெள்ளைக்காரன் 1774-ல் வைத்த ஏற்பாட்டிலிருந்து பெரிய வித்தியாசம் உள்ளதாகத் தெரியவில்லை.

வருடா வருடம் ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினம் கொண்டாடுகிறோம். 1639-ல் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் மணல்மேடு வாங்கிய நாள் அது. நடைப்பயணம், புகைப்படக் கண்காட்சி, பழைய பிரியாணிக் கடை என்று ஒரு வாரம் ஓடும். பெரும்பாலும் எல்லாம் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும். பரங்கிமலை தேவாலயமே அந்தத் தேதிக்கு 116 ஆண்டு மூத்தது. பல்லாவரத்துக் குடைவரை ஆயிரம் ஆண்டு மூத்தது. ஃபுட் எடுத்த கல்லின் வயதுக்கு அந்தக் காலண்டரில் இடமே கிடையாது. கம்பெனி வந்த நாளை நகரத்தின் பிறந்த நாளாக வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

செலவு பெரிதாக இல்லாத சில காரியங்களை உடனே செய்யலாம். பல்லாவரத்தில் பள்ளிக்கூட வகுப்பறை அளவுக்கு ஒரு அருங்காட்சியகம் போதும்: எழும்பூரிலிருந்து நாலைந்து கற்கருவிகள், ஒரு ஈமப்பேழை, லாம்ப்டன் அளந்த கோட்டின் வரைபடம், கையால் தொட்டுப் பார்க்க ஒரு பெரிய சார்னோகைட் துண்டு. கைவிடப்பட்ட குவாரி ஒன்றுக்கு உறுதியான வேலி போட்டு, பாறையின் கதையைச் சொல்லும் பூங்காவாக்கலாம். பிள்ளைகள் உயிரும் தப்பும், மழைநீரும் தங்கும். மே 30-ம் தேதியைப் பல்லாவரம் நாளாக அறிவித்து, அன்று ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ராணுவம் தன் மைதானத்துக்குள் அழைத்துக் காட்டலாம். லீவு நாளாக இருப்பதால் பாடமும் கெடாது. வெள்ளிக்கிழமைச் சந்தையை இடைஞ்சல் என்று விரட்டப் பார்க்காமல், வியாபாரிகளுக்கு நிழலும் கழிவறையும் கட்டித் தரலாம். அவர்களும் இந்த ஊரின் மரபுச் சின்னம்தான்.

இவற்றைச் செய்யத் தொல்லியல் துறை, ராணுவம், விமான நிலைய ஆணையம், இரண்டு மாநகராட்சிகள், மாநில அரசு என்று பலரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாடி கட்ட வரும் வீட்டுக்காரரை இத்தனை கதவு தட்டச் சொல்பவர்கள், ஊருக்காக ஒரு தடவை ஒருவர் கதவை மற்றவர் தட்டட்டும். முதல் கூட்டத்தைக் கூட்ட வேண்டிய பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அடுத்த மே 30-க்கு முன் அவர் அதைக் கூட்ட வேண்டும்.